மேயும் மீனைத் தூக்கிய இளவேனில்

மின்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளவேனில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள். கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்த பிறகுதான் கடலைப் பக்கத்தில் பார்த்தாள். பார்த்ததும் தூண்டில் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு விடிந்தால் போதும், அரசலாற்று முகத்துவாரத்துக் கருங்கற்களில் போய் உட்கார்ந்துவிடுவாள். செல்போன் கடைக்காரர் பீர் மைதீன் அங்கே அவளுக்குத் துணை.

ஒருநாள் அவர் வீசிய வலையில், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட மீன் ஒன்று துள்ளியது. ஆசையாய் வெறுங்கையால் எடுத்தாள்.

"தொடாத தங்கச்சி, அது ஓரா! முள்ளுல விஷம்!"

அதற்குள் முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலி தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். மைதீன் அவளை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வெந்நீர் வாங்கி, முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பொறுக்கும் பதத்தில் அவள் கையை முக்கிவைத்தார். ஆற ஆற வெந்நீர் மாற்றியதில் வலி மெல்ல இறங்கியது. பிறகு ஆஸ்பத்திரியில் முள் துண்டு உள்ளே தங்கவில்லை என்று பார்த்து, ஊசி போட்டு அனுப்பினார்கள்.

"இனிமே அந்தப் பக்கமே போவாத" என்றான் கணவன் தமிழ்ச்செல்வன்.

"போவேங்க. அந்த மீனை என் தூண்டில்ல தூக்காம விடமாட்டேன்."

கை ஆறியதும் குறடும் கத்தரியும் எடுத்துக்கொண்டு போனாள். இறால் கோத்துப் போட்டால் ஓரா திரும்பியும் பார்க்கவில்லை. தூண்டிலை ஓரமாக வைத்துவிட்டு, தெளிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டமாக வந்த ஓராக்கள் முயல் வாய்போலச் சின்ன வாயால் கல்லில் படிந்த பாசியைக் கொறித்துக் கொறித்து நகர்ந்தன.

"பாய், இது மேயற மீனு! இதுக்கு எதுக்கு இறாலு?"

பச்சைப் பாசியைச் சுரண்டி, சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றிப் போட்டாள். பக்கத்துக் கல்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மிதப்புக்கட்டை சட்டென்று உள்ளே போனது. தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து மேலே தூக்கினாள். முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டு வந்தது ஓரா.

மைதீன் சந்தோஷத்தில் கையை நீட்டிவிட்டார்.

"கைய எடுங்க பாய்!"

மீனைத் தட்டைக் கல்லில் இறக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். குறடால் உதட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, கத்தரியால் முதுகு முள், அடிவயிற்று முள், வால் பக்கத்து முள் எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கினாள். நறுக்கியதை ஒன்று விடாமல் பொறுக்கி பாட்டிலில் போட்டு மூடினாள்.

"செத்தாலும் அந்த முள்ளு வேலையக் காட்டும் பாய். எவனாவது மிதிச்சுட்டா?"

மைதீன் வாய்விட்டுச் சிரித்தார். "நீ பொழச்சுக்குவ தங்கச்சி!"

பக்கத்துக் கல்லிலிருந்து விசில் பறந்தது. இளவேனில் குறடோடு மீனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"ஓரா புடிச்சேன்!" என்று அவள் போட்ட சத்தம் அலையையும் தாண்டிக் கேட்டது. மைதீன் போட்டோ எடுத்து முடிப்பதற்குள், அவள் அடுத்த பாசியைச் சுரண்டக் குனிந்துவிட்டாள்.