பேசினால் அமுங்கிவிடும்

கணவன் மேல் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அடுப்பறையில் வெந்து புழுங்கி அவள் ஒரு சூஃப்லேயை எடுத்துக் கொடுத்தால், அதை மேசையில் வைக்காமல் கையில் ஏந்தியபடியே பாடம் நடத்துகிற மனிதன் அவன். பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவனைத் தங்கள் சாப்பாட்டுக் கடையில் பரிமாற விட்டது அவள் தப்புதான். முட்டை வெள்ளையை நுரைக்க நுரைக்க அடித்து, சீஸ் கலந்து ஓவனில் வைத்தால், கிண்ணத்துக்கு மேலே நாலு விரல் எழும்பி நிற்கும். வெளியே எடுத்துத் தாமதித்தால் அமுங்கிப் போச்சு.

இன்று வந்திருப்பது அவளுடைய அக்கா. "அந்த வாயாடியோட சேர்ந்து கடையா? உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, கடை திறந்ததிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காதவள். அவள் கண்ணால் ஒரு தடவை சூஃப்லே எழும்பி நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். தங்கைக்கு வேறெதுவும் வேண்டாம்.

"பேசாம கொண்டுபோய் வைங்க. வாயைத் திறந்தீங்க, தெரியும் சேதி."

"நான் எங்க பேசறேன்?" என்று போனவன், மேசைக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டான்.

"இதுக்கு ஏன் சூஃப்லேன்னு பேரு தெரியுமாக்கா? பிரெஞ்சுல 'ஊதினது'ன்னு அர்த்தம். ஆனா மூலம் லத்தீன். அங்க போனீங்கன்னா..."

அவன் லத்தீன் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது. அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றாள். திட்டியிருந்தாலே தேவலை.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனை உள்ளே இழுத்துப் பாத்திரம் தேய்க்க நிறுத்தினாள். "எழுந்திரிச்சிடாதக்கா, இன்னொண்ணு வருது!" என்று கத்திவிட்டு மறுபடி முட்டை உடைத்தாள்.

இந்தத் தடவை அவளே தூக்கிக்கொண்டு ஓடினாள். பொன்னிறமாக எழும்பி மேசையில் நின்றது. அக்கா பார்த்தாள். கரண்டியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கையால் அதைத் தாங்க முடியவில்லை.

"இது வந்துக்கா... 'ஊதினது'ன்னு அர்த்தம். உள்ள வெறும் காத்துதான். லத்தீன்ல பார்த்தா, கீழேர்ந்து ஊதறது..."

தன் குரல் தனக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்த வரவில்லை.

"வாயை மூடுடி, அமுங்குது!" அக்கா கரண்டியை நடுவில் பாய்ச்சி, ஆவி பறக்க வாயில் போட்டுக்கொண்டாள். சூட்டில் கண் கலங்கியது. துப்பாமல் விழுங்கினாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை, கையைக் கழுவிட்டு நீங்களும் வாங்க. இவ பேசியே கெடுத்துடுவா போலிருக்கு."