பழனிக்கு நேர்ந்த முடி

"குடத்தை வாங்கு அம்மிணி. கைய நீட்டாம நின்னா எப்புடி?"

பெரியநாயகி நீட்டிய பித்தளைக் குடத்தைத் தனப்பிரியா வாங்கிக்கொண்டாள். இறந்து கிடக்கும் மாமனார் ராசப்பனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அவருக்கு மகள் கிடையாது. கவின் ஒரே மகன், தனப்பிரியா ஒரே மருமகள். அவள் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பது?

"வவுத்துல கத்தி வெச்சவளாச்சே, தூக்குவாளா?" என்றாள் பின்னால் வந்த ஒருத்தி.

"குடல்வாலு ஆபரேசன்தான?" என்றாள் பெரியநாயகி. செத்தவருக்கு உடன்பிறந்தவள், இன்றைக்கு அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். "என்ற சின்ன மருமவ குடல்வாலு எடுத்த மறுமாசமே சாணி அள்ளுனா. இவளுக்கு வருசமே திரும்பப் போவுது."

குடல்வால் என்பது ஊருக்குச் சொன்னது. சேலத்து ஆஸ்பத்திரியில் எடுத்தது கர்ப்பப்பைக் கட்டிகளை. ஃபைப்ராய்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு டாக்டரம்மா கட்டிகளை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு எடுத்து வந்து வெளியே காட்டியபோது மாமியார் பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். மரவள்ளி விவசாயியான ராசப்பன் குனிந்து பார்த்தாராம்.

"ஏனுங் டாக்டரம்மா, நம்ம காட்டுக் குச்சிக்கெழங்காட்டமே இருக்குதுங்க. வேரோட புடுங்கீட்டீங்களா, துண்டுகிண்டு உள்ளே நின்னுக்கிச்சா?"

"எல்லாம் எடுத்தாச்சுங்க ஐயா. கர்ப்பப்பை நல்லா இருக்கு. தையல் ஆறட்டும். அப்புறம் குழந்தைக்குப் பார்க்கலாம்."

"ஆறட்டுங்க. கெழங்கு புடுங்குன காட்டக் கொஞ்சம் ஆறப்போட்டாத்தானுங்க மறு வெள்ளாமை."

நர்சுகள் சிரித்ததைக் கவின் பிறகு சொன்னான். வீடு திரும்பும்போது காரில் குடல்வால் கதையைக் கட்டியதும் ராசப்பன்தான். "கர்ப்பப்பைன்னு வாயத் தொறந்தோம்னு வையி, எடுத்தே போட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசிப்போடுவாளுக. குடல்வாலு இல்லைன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்." பாவாயி காரின் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

தொட்டிக் குழாயடியில் நான்கு பெண்கள் சேலையொன்றை விரித்து முறைப்படி அவள் தலைக்கு மேல் பிடித்தார்கள். குடம் நிறைந்துகொண்டிருந்தது.

"பாதி போதுங்க பெரீம்மா."

"பாதிக்குடம் தண்ணியிலயா எங்கண்ணன் குளிப்பான்? ஊருக்கே போர் போட்டுத் தண்ணி காட்டுன மனுசன்."

நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அடிவயிற்றில் தையல் ஓடிய இடம் சுரீரென்று இழுத்தது. தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. நனைந்தது தண்ணீரால்தானா என்று குனிந்து பார்க்க முடியவில்லை. ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தாள்.

அன்று பொழுது விடியும்போது இதே தொட்டிக்குப் பக்கத்துக் குளியலறையில்தான் நின்றிருந்தாள். கையில் மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா.

"காப்பி வெச்சியா சாமி?"

"இருங்க மாமா, வாரேன்."

முதல் கோடு விழுந்தது. அது எப்போதும் விழுவதுதான். அவள் அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, வெளுத்துப்போன நூலிழைபோல, இரண்டாவது ஒன்று தெரிந்தது. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோடா, கண் மயக்கமா?

"என்ன சாமி, மாட்டையே போய்ப் புடிச்சுக் கறந்துட்டு வாரயா?"

"இதா வாரேனுங்க."

பட்டையைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். காப்பியோடு திரும்பும்போது எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ராசப்பன் நெஞ்சில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள்.

குளிப்பாட்டி முடிந்தது. கட்டிலில் கிடத்திப் புது வேட்டி போர்த்தினார்கள். பெரியநாயகி தலைமாட்டில் விழுந்து அழுதாள்.

"நெய்ப்பந்தம் புடிக்க ஒரு பேரனில்லாமப் போறியே எங்கண்ணா! உம்பட வாசல்ல ஒரு புள்ளைச் சத்தம் கேக்காமப் போறியே!"

அழுகை நின்ற மறுநிமிடம் எழுந்து மூக்கைச் சிந்தினாள். "மாதேசு, பொழுதாவுது பாரு. பையன உக்கார வெச்சு முடிய எடு."

வாசலோரம் பலகை போட்டிருந்தது. நாவிதர் மாதேஷ் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தனப்பிரியா அந்தக் கத்தியையே பார்த்தாள். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை தரித்திருந்தால் புருசன் தலையில் கத்தி படக்கூடாது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. வேண்டாம் என்று சொன்னால் காரணத்தைச் சொன்னதுபோலத்தான். ஆபரேசனுக்கு முன்னால் ஒரு தரம் இப்படித்தான், மங்கலான கோட்டை நம்பி எல்லாருக்கும் சொன்னாள். பெரியநாயகி மல்லிகைப்பூவும் லட்டுமாக வந்து இறங்கினாள். பூ வாடுவதற்குள் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. "அவசரக் குடுக்கை" என்று தனப்பிரியா பெயரெடுத்தது அப்போதுதான்.

துண்டு கொடுக்கிற சாக்கில் கவினிடம் போனாள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக் கணக்கில் வராதவன். மழைக்காலத்துக்கு ஊர் வந்து, வண்டி திரும்பக் கிளம்பும் நாளுக்குக் காத்திருந்தான்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை..."

அவன் நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "தனம், அப்பா கடைசியா உங்கிட்டத்தான பேசுனாரு? என்ன சொன்னாரு?"

"காப்பி கேட்டாருங்க."

"குடுத்தியா?"

அதற்குள் யாரோ அவன் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பலகையில் உட்கார வைத்தார்கள். மாதேஷ் சொம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றித் தேய்த்தார். கத்தி மேலே எழுந்தது.

"முடி எடுக்க வேண்டாமுங்க!"

குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரியவில்லை. பறை அடித்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

"என்னது?" என்றாள் பெரியநாயகி.

"பழனிக்கு நேந்திருக்குதுங்க பெரீம்மா."

"எப்ப நேந்தே?"

"ஆபரேசனப்ப."

"குடல்வாலுக்கா முடி நேந்தே? பழனியாண்டவனுக்கு வேற சோலியில்லையாக்கும்."

எழவு வீடென்றும் பாராமல் யாரோ துண்டுக்குள் சிரித்தார்கள். பெரியநாயகி விடவில்லை. "பெத்த அப்பனுக்கு எடுக்காத முடி பொறவென்னத்துக்கு? வேற ஏதாச்சுமிருந்தாச் சொல்லு. இத்தனை சனமும் கேக்கட்டும்."

கவின் திரும்பிப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் புருவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு நேர்த்திக்கடன் இல்லையென்று அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்தால் தீர்ந்தது. அவள் வாயைத் திறந்தாலும் தீர்ந்தது.

"நாந்தான் நேந்தேன்."

காலையிலிருந்து தலை நிமிராத பாவாயி கட்டில் காலைப் பிடித்தபடி சொன்னாள்.

"நீயா நங்கை? எங்கிட்டச் சொல்லவேயில்லை?" என்று பெரியநாயகி அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்டச் சொல்லீட்டா சாமிகிட்டப் போவோணும்? நானும் உங்கண்ணனும் சேந்துதான் நேந்தோம். சாமிக்குச் சொன்ன முடியில கத்தி பட்டா அவரு கட்டை வேகாது." கூட்டத்தைப் பார்த்தாள். "கந்தவேலு, நீ பங்காளிதான? நீ எடுத்துக்கோ. கொள்ளிய எம்பையன் வெப்பான்."

போர்க்கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் ராசப்பனோடு பல வருசமாகப் பேச்சில்லாதவர் கந்தவேல். வேலியோரமாகவே நின்றிருந்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். கவின் எழுந்து கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

வாய்க்கரிசிக்குக் கூட்டம் நகர்ந்தபோது பாவாயி மருமகளின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். உதடு அசையாமல் கேட்டாள். "கோடு உழுந்துச்சா?"

"மங்கலாத்தானுங்கத்தை. நிசந்தானான்னு தெரியில."

"அவருகிட்டச் சொன்னியா?"

"காப்பியக் குடுத்துட்டுச் சொல்லலாம்னு..."

பாவாயி புருசன் முகத்தைப் பார்த்தாள். "குடத்த ஏன் தூக்குனே?"

"தூக்க மாட்டேன்னு எப்புடிங்கத்தை சொல்றது?"

பாவாயி சேலை நுனியை விடவில்லை. "ஊரே இனி உன்ற வவுத்தத்தான் பாக்கும். கரு நின்னாலும் பாக்கும், நிக்காட்டியும் பாக்கும். இங்க நிக்காத, உள்ள போ. வவுத்துப் புள்ளைக்காரி பொணம் தூக்கறதப் பாக்கக்கூடாது."

"வாய்க்கரிசி போடோணுங்கத்தை. மாமாவுக்கு."

"உனக்குஞ் சேத்து நாம் போட்டுக்கறேன். போ சாமி."

வீட்டுக்குள் எல்லா அறையிலும் ஆட்கள். குளியலறை ஒன்றுதான் காலியாக இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். சேலையை விலக்கிப் பார்த்தாள். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தாள். இதுவரைக்கும் வெள்ளை.

பட்டை சன்னல் திட்டில் வைத்தது வைத்தபடி கிடந்தது. காய்ந்துபோன பட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாதென்று அதன் உறையிலேயே எழுதியிருந்தது. சன்னல் கம்பிக்கு வெளியே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. தொட்டிச் சுவரில் டம்ளர். காப்பியின் மேல் ஆடை கட்டி, அதில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.

சங்கு ஊதினார்கள். பறை மறுபடியும் எழுந்தது. "தூக்குங்கப்பா, தூக்குங்க" என்று குரல்கள். பெண்களின் அழுகை வாசலை நோக்கி ஓடியது.

கதவை யாரோ தட்டினார்கள். பெரியநாயகி.

"அம்மிணி, உள்ளார என்ன பண்றே? எங்கண்ணனத் தூக்கியாச்சு. கடைசியா ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்க. வா வெளிய."

தனப்பிரியா ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"இருங்க, வாரேன்."

பறைச் சத்தம் வாசலைத் தாண்டியது. குச்சிக்கிழங்குக் காட்டோரமாகத் திரும்பியது. கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

"இதா வாரேனுங்க" என்றாள். கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.