பிந்தைய ஆல்பங்களின் மீதான தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அத்தானின் பல் மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதில்லை. நானும், லேட்டு என்று நாங்கள் கூப்பிடும் நண்பரும்தான் வருவோம். காத்திருப்போர் அறையில் சுவரோரம் நாற்காலிகள். எதிர்ச்சுவரில் ஒரு கடைவாய்ப் பல்லை நெடுக்காகப் பிளந்து காட்டும் படம். அதற்குக் கீழே, அந்த அறைக்குச் சற்றும் பொருந்தாமல், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவை முதலில் வீட்டில்தான் இருந்தன. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாளாம் என் அக்கா. "யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன் மச்சான், அங்கதான் சறுக்கிட்டேன்" என்பார் அத்தான்.

எங்களுக்குக் குழு என்றால் ஒன்றுதான். அவர்களுடைய ஒரு பாட்டே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். தாளம் ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவும். பாடகர் வாயைத் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். ப்ராக் ராக் என்பார்கள். எந்த ஊரிலும் அதைக் கேட்கிறவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் ஆட்டோ போதும்.

ரசிகர்களின் இணையதளத்தில் அத்தானுக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். குழுவின் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அவர் எழுதும் விமர்சனத்தை எங்கெங்கோ இருப்பவர்கள் காத்திருந்து படித்தார்கள். அவருடைய தீர்ப்பு மாறியதே இல்லை. 'அணைக்கட்டு' தொடங்கி 'கூரை' வரை தங்கம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிணத்துக்குப் பவுடர் போட்டது. ஒலி மங்கிப்போய்விட்டது, மினுக்கம் இல்லை, ட்ரம்மரின் சிம்பல் தட்டுகளைத் துணி போட்டு மூடிவிட்டு அடிக்கிறார்கள், கிழவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. இதையே வெவ்வேறு வசவுகளில் எழுதிக்கொண்டிருந்தார். வசவு ஒவ்வொன்றும் புதிதாக இருக்கும்.

லேட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறவர். குழுவின் பிந்தைய ஆல்பங்கள் வழியாக உள்ளே வந்தவர் என்பதால் அத்தான் வைத்த பெயர் அது. அவரும் அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

புது ஆல்பம் 'உப்பு' வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. குழு கடைசிச் சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தது. எங்கள் ஊருக்கும் வருகிறார்கள் என்ற செய்தியை நாங்கள் முதலில் நம்பவில்லை. பழைய பாட்டுக்கு உட்காருவேன், புதுப் பாட்டு வந்தால் கழிப்பறைக்குப் போய்விடுவேன் என்று அத்தான் அறிவித்திருந்தார். 'உப்பு' பற்றிய அவருடைய விமர்சனத்தின் கடைசி வரி ரசிகர்களிடையே நன்றாகச் சுற்றியது. "கடைசிப் பாட்டின் முடிவில் சொல்ல ஒன்றுமில்லாமல் வெறும் நிசப்தத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். கூரைக்குப் பிறகு அவர்கள் செய்த ஒரே நேர்மையான காரியம்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிடிக்காதவர்களும் கூட, திட்டினாலும் அழகாகத் திட்டுகிறார் மனிதர் என்றார்கள்.

அந்த ஞாயிறு லேட்டு செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் டாக்டர், மனசாட்சின்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கா? அந்த முடிவைப் போய் நிசப்தம்னு எழுதியிருக்கீங்க."

"இருக்கிறதைத்தான் எழுதினேன்."

"அந்த இடம் வந்தா எனக்குத் தொண்டை அடைக்குது."

"தொண்டைக்கு வேற டாக்டர். நான் பல்லு மட்டும்தான்."

"போட்டுக் காட்டுறேன், உக்காருங்க."

என் ஃபோனை வாங்கிப் போட்டார். நீளமான பாட்டு. ஆர்கன் மெல்லப் பின்வாங்கியது. பேஸ் கிதார் ஒரே சுரத்தில் நின்று, இளைத்து, இல்லாமல் போனது. பிறகு, அந்தக் கிழட்டு ட்ரம்மர் உள்ளங்கை அளவு வெண்கலத் தட்டுகளை மெல்லிய கம்பியால் தட்ட ஆரம்பித்தார். மிக உச்சத்தில், மிக மெதுவாக ஒரு மெட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் அவர் மூச்சு வாங்குவதுபோல இருக்கும். நான் பிளந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் எழுந்து சோம்பல் முறித்தார். "சரி, முடிஞ்சுது. அடுத்து மனுஷன் கேக்கிற மாதிரி எதையாவது போடு மச்சான்."

லேட்டு விரலை உதட்டில் வைத்தார்.

"எதுக்கு உஷ்? ஒண்ணுமில்லாததுக்கு ஒரு உஷ்ஷா?"

நான் சிரித்தேன். லேட்டுவும் சிரித்துவிட்டார். வெண்கலத் தட்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. அத்தான் சிரிக்கவில்லை. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார்.

"விளையாடாதீங்க டாக்டர். அவர் இன்னும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

"யாரு?"

லேட்டு ஸ்பீக்கரைக் காட்டினார். அத்தான் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒன்று, பிறகு மற்றது. "ட்வீட்டர் போயிருக்கும்" என்றார். உச்ச ஒலிகளைத் தருகிற சின்ன வாய் அது. "ரெண்டும் சேர்ந்தா போகும்? எனக்கு ஒண்ணும் வரலையே. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வருது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், அணைக்கட்டு போடு. முதல் பாட்டு. ட்வீட்டரா நானான்னு தெரிஞ்சுடும்."

என் ஃபோனிலிருந்துதான் ஒலி போய்க்கொண்டிருந்தது. அவசரமாகத் தேடி, பெயரைப் பார்த்ததும் தட்டினேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் மூன்றே ஒலிகள். ஆர்கன், பேஸ், அவற்றின் மேல் விடாமல் சரசரக்கும் சிம்பல். அத்தான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வலது ஆள்காட்டி விரல் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. அந்தக் கடினமான தாளத்தில் ஒரு அடி பிசகவில்லை.

"இதோ. கேட்டுக்கோங்க லேட்டு. சிம்பல்னா இது. கண்ணாடி மேல மழை விழுற மாதிரி இல்ல? இப்ப இருக்கிறவனுங்களுக்கு இது வருமா?"

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் மனமும்தான், ஒரு கணம். பிறகு நான் கேட்டேன். ஆர்கன் இருந்தது. பேஸ் இருந்தது. சிம்பல் இல்லை.

ஃபோனைப் பார்த்தேன். நான் தட்டியிருந்தது அசல் பாட்டை அல்ல. பிற்பாடு வெளிவந்த ஒத்திகைப் பதிவை. அன்று ட்ரம்மர் வந்த ரயில் தாமதம். மற்றவர்கள் அவர் இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவரே அத்தான்தான். லேட்டுவுக்கும் புரிந்துவிட்டது. அவர் அத்தானின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் கண்ணைத் திறந்தார். "என்ன?"

பக்கத்து அறையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பெட்டி தன் வேலையை முடித்துக்கொண்டு அடங்கியது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு அந்த வேகம் எப்போதும் வந்ததில்லை.

"அத்தான், இது ஒத்திகையில எடுத்தது. ரயில் லேட்டான அன்னைக்கு."

அவர் கைப்பிடியில் இருந்த தன் விரலைப் பார்த்தார். பிறகு, "மறுபடி போடு" என்றார்.

போட்டேன். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. இடது கையால் அந்த விரலைப் பிடித்து நிறுத்தினார். பிடித்தபடியே பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

"இப்பவும் கேக்குது மச்சான்" என்றார். "இல்லைன்னு தெரிஞ்சும் கேக்குது."

காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். சோதித்துவிட்டு அவர் காட்டிய வரைகோடு தாழ்ந்த சுரங்களில் கொஞ்ச தூரம் தரையோடு போய், பிறகு உச்ச சுரங்களில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. பல் துளைக்கிற கருவியின் விசில் பல வருடங்களாகக் காதருகிலேயே இருந்திருக்கிறது, காரணம் அதுவாக இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம் என்றார். காதில் மாட்டும் கருவி ஒன்று தந்தார். பேச்சு தெளிந்தது. இசை வந்தபோது அத்தான் அதைக் கழற்றிவிட்டார். "தகர டப்பாவுக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். அக்காவுக்கு ஒருவகையில் நிம்மதி. "நான் கூப்பிட்டா வேணும்னே திரும்ப மாட்டேங்கிறார்னு இத்தனை நாள் சண்டை போட்டேன்டா" என்று என்னிடம் அழுதாள்.

அத்தான் அழவில்லை. அவரை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை, நான் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என் மேஜையருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தேன். அதை வெகுநேரம் பார்த்தார்.

"எதுல இருந்து மச்சான்?"

"என்ன எதுல இருந்து?"

"பழைய ஆல்பம் எல்லாம் எனக்கு மனப்பாடம். காது விட்ட இடத்தை மண்டை நிரப்பிக்குது. புதுசுக்கு நிரப்ப ஒண்ணுமில்ல. அதான் செத்துப்போச்சுன்னு எழுதினேன். சரி. ஆனா எதுல இருந்து? கூரைக்கு அடுத்தது நிஜமாவே மட்டமா? இல்ல அப்பவே எனக்குப் போயிடுச்சா? செத்தது அவங்களா நானா?"

"ஏதாவது ஒண்ணு ரெண்டு நிஜமாவே மட்டமா இருக்கும் அத்தான்."

"எது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எப்போதும் அவர் தீர்ப்பின் வழியாகத்தான் அவற்றைக் கேட்டிருந்தேன். அவர் வெறுத்ததை நானும் அரைக்காதால் கேட்டுவிட்டு வெறுத்தேன். அதை அவர் என் முகத்தில் படித்திருக்க வேண்டும். நாற்காலியைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கச்சேரிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்று எங்களை விரட்டிக்கொண்டு வந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. மேடையில் நாலு கிழவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்து ஏறினார்கள். முதல் பாட்டே 'அணைக்கட்டு' ஆல்பத்திலிருந்து. அத்தான் எல்லாரையும்போலத் துள்ளினார், கத்தினார், லேட்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பாட்டுகளுக்கு இடையில் என் காதருகில் குனிந்து, "வீட்டுலயே இருந்திருக்கலாம் மச்சான்" என்றார். "நான் கேக்கிறது இவங்களை இல்ல. ஒருத்தன் தப்பா வாசிச்சாலும் எனக்குச் சரியாத்தான் கேக்குது."

கடைசியாக 'உப்பு' ஆல்பத்தின் அந்த முடிவுப் பாட்டு. அவர் கழிப்பறைக்குப் போகவில்லை. நகரவே இல்லை. முன்னால் ஒரு உயரமான ஆள் நின்றதால் ட்ரம்மர் எங்களுக்குத் தெரியவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். ஆர்கன் போனது. பேஸ் போனது. வெண்கலத் தட்டுகளின் ஒலி மேடையிலிருந்து கிளம்பி, அந்தக் கூட்டத்தின் தலைக்கு மேல், யாருக்கும் சொந்தமில்லாததுபோல நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. லேட்டு கண்ணை மூடியிருந்தார்.

அப்போது அத்தான் கைதட்டினார்.

உரக்க, மனமாரத் தட்டினார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பிடிக்காத ஆல்பத்துக்கு அவர் தந்த முதல் கைதட்டல் அது. நான் கையைப் பிடிப்பதற்குள் நாலைந்து முறை தட்டிவிட்டார். சுற்றிலும் தலைகள் திரும்பின. 'உஷ்' என்று சீறினார்கள். உயரமான ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளியிடம், "பாட்டே தெரியாததெல்லாம் கெளம்பி வந்துடுது" என்றான்.

அத்தானுக்கு அந்த வார்த்தைகள் விழுந்திருக்காது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தார். கைகள் ஒன்றை ஒன்று தொடாமல் நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றன. பிறகு நிஜமான கைதட்டல் இடிபோல வந்தபோது அவர் கைகளைப் பையில் விட்டுக்கொண்டார். குழு வணங்கியபோதும், திரும்ப வந்து மறுபடி வணங்கியபோதும், வெளியே எடுக்கவில்லை.

வெளியேறும் வாசல் குறுகல். கூட்டம் அடியடியாக நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் தடித்த குரலுள்ள ஒருவர் ஏதோ முனகிக்கொண்டு வந்தார். சுருதி சேரவில்லை, மெதுவாக, நெஞ்சுக்குள்ளிருந்து. அத்தான் நின்றுவிட்டார். இடித்துக்கொண்டு போனவர்கள் முறைத்தார்கள்.

"இது எந்த ஆல்பம்?" என்றார். "நான் கேட்டதே இல்லையே."

லேட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன.

"உப்பு, டாக்டர்" என்றார். "அந்த முடிவு. அதுதான் அந்த மெட்டு."

அத்தான் திரும்பி அந்த ஆளைத் தேடினார். அவர் எங்களைத் தாண்டி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். முனகல் நின்றுபோயிருந்தது.

"மிச்சத்தை நீங்க பாடுங்க லேட்டு."

"எனக்குப் பாட வராது டாக்டர்."

"பரவால்ல. பாடுங்க."

லேட்டு அங்கேயே, விளக்குக் கம்பத்தின் கீழே நின்று ஆரம்பித்தார். அத்தான் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இறக்கிப் பாடுங்க" என்றார். லேட்டு இறக்கினார். இறக்க இறக்க மெட்டு குலைந்தது. அவர் தொண்டைக்கு அந்த ஆழம் இல்லை. இன்னும் ஒருமுறை முயன்றார். நாலாவது சுரமோ ஐந்தாவதோ, மூச்சாக மாறிவிட்டது. அதற்கு மேல் போகவில்லை.

"இவ்வளவுதான் என்னால முடியும்."

அத்தான் தலையை ஆட்டினார். நன்றாக இருந்ததா, இல்லையா என்று அவர் சொல்வதற்காக நாங்கள் இருவரும் பழக்கத்தில் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. கூட்டம் கரைந்து, ஆட்கள் நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எனக்குப் பிடிச்சிருக்குமா லேட்டு?"

"பிடிச்சிருக்கும் டாக்டர்."

"மத்த ஆல்பமெல்லாம்?"

 அந்த ஆல்பங்கள் எல்லாவற்றையும் உயிராக நேசித்தவர் லேட்டு. "மத்ததெல்லாம் நீங்க எழுதினது சரிதான்" என்றார்.

அத்தான் வெகுநேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொற்களை ஒரு எழுத்து விடாமல் அவர் கேட்டிருந்தார். நம்பவில்லை.

"வண்டியை எடு மச்சான்" என்றார்.