பதினேழாம் விதி

பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு மொத்தம் பத்தொன்பது விதிகள். பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே விதிகள் வந்துவிட்டன. மூன்று பக்கம், பின் அடித்து, கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

பிராங்ளின் சார் அவற்றை எந்த நாட்டுப் பள்ளியின் இணையதளத்திலிருந்து இறக்கினார் என்று யாருக்கும் தெரியாது. பனி கொட்டும் நாடு என்பது மட்டும் தெரிந்தது. பனி கொட்டும் நாளில் பள்ளி உண்டா இல்லையா என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னது பதினொன்றாம் விதி. இங்கே, தேயிலை மலையில், கட்டபெட்டுப் பக்கம் ஜனவரியில் புல்லின் மேல் உப்புத் தூவின மாதிரி உறைபனி விழும். அதற்கெல்லாம் யாரும் லீவு விட்டதில்லை. நான்காம் விதிப்படி செல்போனை அவரவர் லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். பள்ளியில் இருந்த ஒரே லாக்கர் கரஸ்பாண்டன்ட் அறையில் இருந்தது. ஆறாம் விதி வேர்க்கடலையைத் தடை செய்தது. யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். மளிகைக்கடை ஜலீலின் மகள் மெஹ்ரின், பையிலிருந்த கடலைமிட்டாய் பாக்கெட்டை அங்கேயே தின்று தீர்த்து விதிக்குக் கட்டுப்பட்டாள்.

"திங்கட்கிழமைக்குள்ள சைன் வரணும். வராதவங்களுக்கு வராண்டா. இன்டர்னல் மார்க் பத்தையும் மறந்துடுங்க," என்றார் சார்.

மெஹ்ரினுக்கு அது அன்று மாலையே முடிந்தது. ஜலீல் ஏலக்காய் நிறுத்துக்கொண்டே, "எங்கம்மா போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

அதே வகுப்பு சசிகலாவுக்கு அப்படி முடியாது. அவள் வீடு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைனில். லைனில் இங்கிலீஷ் பேப்பரில் யாரும் சும்மா கையெழுத்துப் போடுவதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வருஷாவருஷம் எஸ்டேட்டில் தரும் கம்பளிக்கு ஆபீஸில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பளி வந்தது. கூடவே, பதினாலு பேரின் பெர்மனென்ட் வேலை டெம்ப்ரவரி ஆகிவிட்ட செய்தியும் வந்தது. இரண்டாம் பக்கத்தில் 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதியிருந்ததாம். பதினாலில் ஒருத்தி, கொழுந்து பறிக்கும் பேச்சி, சசிகலாவின் அம்மா. கம்பளி என்னவோ நல்ல கனமான கம்பளிதான். அதில் குறை சொல்ல முடியாது.

அன்றிலிருந்து லைனில் ஒரு கட்டுப்பாடு. இங்கிலீஷில் எந்தப் பேப்பர் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் காதில் விழப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. படிப்பவள் சசிகலா. எட்டாம் வகுப்பிலிருந்து அவள்தான். பி.எஃப். கடிதம், பேங்க் நோட்டீஸ், கேஸ் சிலிண்டர் படிவம் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் லைனுக்குள் நுழைந்தன. பக்கத்து வீட்டு இருளப்பன் ஒருமுறை மிக்ஸியின் வாரண்டி அட்டையைக் கொண்டுவந்து, கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்தார்.

சனிக்கிழமை சசிகலா மூன்று பக்கத்தையும் தனியாக உட்கார்ந்து படித்தாள். பதினேழில் நின்றுவிட்டாள். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் அறுபதுக்குக் கீழே எடுக்கும் மாணவரின் பெற்றோர், தம் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார். இந்த விதி மட்டும் வெளிநாட்டிலிருந்து இறங்கியதல்ல. பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று போர்டு இருந்தது. போர்டைக் காப்பாற்ற உள்ளூரிலேயே எழுதியது.

இதைக் குழாயடியில் வாய்விட்டுப் படித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமையே அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவு நிறைந்துவிட்டது. இனிமேல் போனால் மிச்சம் கிடக்கிற பிரிவுதான். உயிரியல் இல்லாமல் அவள் நினைத்த நர்சிங் இல்லை. பத்தாம் வகுப்பில் தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் எழுபத்தொன்று வாங்கியவள். அறுபது என்ன பெரிய மலையா?

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பத்துப் பதினைந்து குடத்துக்கு நடுவில் கூட்டம் கூடியது. டீ ஃபேக்டரியில் தூள் காயவைக்கும் டிரையரைப் பார்க்கும் அப்பா பொன்ராஜ், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடுவில் நின்றார்.

"ஏனுங்க பொன்ராஜு, பள்ளிக்கூடத்துலயும் கம்பளி தர்றாங்களா?" என்றார் இருளப்பன்.

"குடுத்தா உங்களுக்கே தர்றனுங்க. நீ படி சாமி," என்றார் பொன்ராஜ் மகளிடம்.

சசிகலா படித்தாள். ஒன்பதாம் விதி வந்தது. "கக்கூஸுக்குப் போறதுன்னா சார்கிட்ட ஒரு அட்டை வாங்கிட்டுத்தான் போகணும்."

"அட, எங்க ஃபேக்டரியே தேவலை போலிருக்குதே!" என்றார் பொன்ராஜ்.

"பொம்பளப் புள்ளைங்க அட்டைக்குக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றாள் பேச்சி. "அத அடிச்சிட்டு மிச்சத்தப் படி."

"அடிக்கக் கூடாதும்மா."

பதின்மூன்றாம் விதி, நேரம் தவறிக் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு மார்க் கிடையாது என்றது. "செரிதான். லேட்டா வந்த கொழுந்த நிறுக்க மாட்டாங்கல்ல, அது மாதிரி," என்று பொன்ராஜ் ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டல், கேலி, நியாயம் பேசல். எந்த வகுப்பிலும் இத்தனை கவனமாக யாரும் அந்த விதிகளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பதினேழு," என்றார் பொன்ராஜ்.

"பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குத் தவறாம வரணும்."

பொன்ராஜ் குனிந்து பேப்பரைப் பார்த்தார். "அஞ்சு வரி இருக்குது. இவ்வளவுதானா?"

"இங்கிலீஷ்ல எல்லாத்தையும் நீட்டித்தான்ப்பா எழுதுவாங்க."

"அது நெசம். ஒரு நாள் லீவு கேக்கறதுக்கே அரைப் பக்கம் எழுதணும்," என்றார் இருளப்பன். எல்லாரும் சிரித்தார்கள். சசிகலாவும் சிரித்தாள். பொன்ராஜ் ஒரு குடத்தின் மேல் பேப்பரை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் ஒரு மீட்டிங்கைக்கூட விடவில்லை. ஃபேக்டரியில் அரை நாள் லீவு போட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அரையாண்டுத் தேர்வில் சசிகலா ஐம்பத்து நான்கு. கரஸ்பாண்டன்ட் தங்கச்சி மகன் கிருத்திக் நாற்பத்தொன்று. அவனுக்குத் தனிப்பயிற்சி என்று முடிவானது. அதற்கான விதி அந்த மூன்று பக்கத்தில் இல்லை.

மூன்று நாள் சசிகலா மார்க்கை வீட்டில் சொல்லவில்லை. நான்காம் நாள் பள்ளியே பொன்ராஜுக்குப் போன் போட்டு, மகளோடு வரச் சொன்னது.

"இது பனிஷ்மென்ட்னு நினைக்காதீங்க," என்றார் பிராங்ளின் சார். நல்ல மனிதர், நாற்காலி போட்டார், டீயும் சொன்னார். "பாப்பாவுக்கு ஏத்த வேற ஸ்கூல்ல இன்னும் நல்லா வருவா."

"சாருங்க, நான் எல்லா மீட்டிங்குக்கும் வந்தனுங்களே."

"மீட்டிங்கா?"

"பதினேழாவதுங்க. அதுல கையெழுத்துப் போட்டதிலிருந்து ஒண்ணு விட்டதில்லைங்க."

சார் ஃபைலைப் புரட்டி எடுத்து, பதினேழைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். சொந்த விருப்பத்தின் பேரில் என்ற இடத்தில் பொன்ராஜின் தலை மெல்ல நிமிர்ந்தது. அவர் சாரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். ஆபீஸில் கம்பளி கொடுத்த குமாஸ்தாவைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. குமாஸ்தா வெளியாள்.

"கீழ உங்க கையெழுத்துதானே?" என்றார் சார்.

"ஆமாங்க. என்னுதுதானுங்க."

டீ வந்தது. யாரும் தொடவில்லை. சார் ஒரு தாளை மேஜையில் நகர்த்தி வைத்தார். பள்ளியே டைப் செய்து வைத்திருந்த விண்ணப்பம். கையெழுத்துப் போட்டால் நடத்தை 'மிக நன்று' என்று சான்றிதழ் அன்றைக்கே கிடைக்கும்.

பொன்ராஜ் தாளை சசிகலாவின் பக்கம் தள்ளினார்.

"படி."

"அப்பா..."

"முழுசாப் படி."

அவள் படித்தாள். ஒரு சொல்லை விடாமல், தேதியிலிருந்து 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும், தமிழில் சொல்லி முடித்தாள். சொந்த விருப்பத்தின் பேரில் என்பது இரண்டு இடத்தில் வந்தது. இரண்டையும் சொன்னாள்.

பொன்ராஜ் கேட்டு முடித்தார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றியவர், கையெழுத்துப் போடாமல், தாளை அவளிடமிருந்து வாங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

"சாருங்க, சிரமம் பாக்காம நீங்களும் ஒருக்கா படிச்சுச் சொல்லிருங்க. புள்ள சொன்னது செரியான்னு பாத்துக்கறேன்."

சார் சங்கடத்தோடு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். சசிகலா சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை வித்தியாசமில்லை.

"செரிங்க," என்று பொன்ராஜ் குனிந்து கையெழுத்துப் போட்டார்.