தேறாத பஞ்சு

மலேசியாவில் திகாம் பத்து ஊருக்கு அருகே உள்ள அந்தத் தொழிற்சாலையில், விண்கல இருக்கைகளுக்கான நுரைப்பஞ்சு செய்தார்கள். அது தீயைத் தாங்குமா என்று சோதிப்பது குணசுந்தரியின் வேலை. இரும்புப் பெட்டிக்குள் பஞ்சுத் துண்டைத் தொங்கவிட்டு, ஆக்சிஜனைக் கூட்டி, அடியில் நெருப்பு வைப்பாள். தீ பாதி உயரத்துக்குள் தானாக அணைந்தால் தேறியது. அதைத் தாண்டினாலோ, உருகிச் சொட்டும் துளி கீழே விரித்த காகிதத்தைப் பற்றவைத்தாலோ தேறவில்லை.

புதிய பஞ்சு உச்சிவரை எரிந்தது. காகிதமும் எரிந்தது. வேறொரு துண்டை வைத்தாள். அதுவும் அப்படியே.

மேலாளர் லோகேஸ்வரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை வாங்கும் நிறுவனத்தின் அதிகாரி சுல்கிப்லி அன்று வருவதாக இருந்தது.

"ஆக்சிஜன கொறச்சு வை. சாதாரண காத்துல பாஸ் ஆயிடும்லா."

"ஆகும் அண்ணே. ஆனா மேல, விண்கலத்துக்குள்ள ஆக்சிஜன கூட்டி வெக்கிற நேரமும் இருக்கே."

"அங்க யாரு நெருப்பு வெக்கப் போறா? வெறும் சீட்டுலா!"

"ஒரு ஒயர் சூடானா போதும். ஜன்னல தொறக்க முடியுமா? எறங்கி ஓட முடியுமா?"

அவர் முகம் சிவந்தது. "நீ பேக்கிங்குக்குப் போ. ஷீலா, நீ வந்து செய்."

உதவிக்கு நின்ற ஷீலா வேலையில் இன்னும் நிரந்தரமாகாதவள். குணசுந்தரி அவளைப் பார்க்கவில்லை. தன் பிடிவாதத்துக்கு அவளை இழுக்க மனமில்லை. ஷீலா ஆக்சிஜன் வால்வில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியாது பாஸ்."

அதற்குள் சுல்கிப்லி வந்துவிட்டார். எல்லாம் நன்றாக இருப்பதாக லோகேஸ்வரன் மலாயில் சொல்லி, அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போகப் பார்த்தார். குணசுந்தரி குறுக்கே வந்து நின்றாள்.

"என்சிக், மாரி தெங்கோ," என்று பெட்டியைக் காட்டினாள். ஐயா, வந்து பாருங்கள் என்று பொருள்.

யாரும் சொல்லாமலே ஷீலா இன்னொரு துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். நெருப்பு வைத்ததும் தீ விறுவிறுவென்று மேலே ஓடியது. சுல்கிப்லி கருகிய மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"நாளையிலேருந்து நீ வராத," என்றார் லோகேஸ்வரன்.

"சரி. லெட்டர் குடுங்க. பொய் ரிப்போர்ட் எழுத மாட்டேன்னு சொன்னதால நிறுத்துறேன்னு அதுல எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை குணசுந்தரி வழக்கம்போல் வேலைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. சில வாரங்களில் கலவையை மாற்றிப் புதுப் பஞ்சு கொண்டுவந்தார்கள். லோகேஸ்வரனே அதை எடுத்து வந்து நீட்டினார். கடுகடுவென்றுதான் இருந்தார், ஆனால் ஆக்சிஜனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தீ பாதிக்கு மேல் ஏறியது.

"இதுவும் ஆகாது அண்ணே," என்றாள் குணசுந்தரி, அவர் கண்ணைப் பார்த்து.