ஏழு நாள் ஈரச் சாக்கு

புஷ்பமேரி ஐந்தாவது தடவையாகக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்து, வருகை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

கம்பைநல்லூர்ப் பக்கத்து ஏரிக்கரைச் சாலை அது. மழை பெய்தால் டிராக்டரையே விழுங்குகிற களிமண். சிமெண்டைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலும் வெல்டிங் கேஸ் கம்பெனி கொட்டுகிற கழிவுச் சுண்ணாம்பும் கலந்து மண்ணைக் கெட்டிப்படுத்துகிறார்கள். மெஷின் எட்டாத ஓரங்களில் அள்ளிக் கலப்பது பெண்கள் வேலை. முதல் நாள் எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். போட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். கழிவுதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று அவளும் நாற்பது நாள் வெறுங்கையால் அள்ளினாள். இப்போது விரல் நுனியெல்லாம் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று கிடக்கிறது. ரசஞ்சோறு பிசைந்தால் உயிர் போகிறது.

"இன்னொருக்கா வெச்சுப் பாக்கறனுங்க சார்."

"எத்தினி தடவ வெப்பீங்க? மூணு நாளா இதே கததான்," என்றார் சூப்பர்வைசர் மாதவராஜ். "இன்னிக்கிருந்து ரேகை வுழாதவங்கள நிறுத்தச் சொல்லிட்டாங்க. வூட்டுக்குப் போங்க."

"தெனமும் பாக்கறீங்களே சார், நான் புஷ்பமேரின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியுதுங்க. மெஷினுக்குத் தெரியோணுமில்ல?"

பின்னால் நின்ற பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. "உங்க சுண்ணாம்புலதான சார் அக்கா கையி வெந்துச்சு?"

"மொதல்ல நீங்க வெரல வெய்ங்க, பாக்கலாம்."

பாஞ்சாலிக்கு மூன்றாம் தடவைதான் பச்சை எரிந்தது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து புருஷன் சவரிமுத்து இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து, அந்த வீட்டுக்கு இந்தக் கைதான் கை. வீட்டில் போய் என்ன சொல்வது, மாதாவே? அவள் சோற்றுத் தூக்குப்போசியை எடுக்கக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே இன்ஜினியர் அருண்குமார், முந்தின நாள் அவள் கலந்த மண்ணை அச்சிலிருந்து உருளையாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியது. தூக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள்.

"மெதுவா! வெறுங்கையில தொடாதீங்கப்பா, ஓரம் உதிர்ந்துடும். ஏழு நாளைக்கு ஈரச் சாக்குலயே இருக்கணும். காயவே விடக்கூடாது."

பெட்டியைத் திறந்து கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். போட்டோ எடுத்த அன்று பெண்கள் போட்டவைதான். ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை.