பேச்சு அறுந்தால் வேகம் குறை

மாரடைப்பிலிருந்து என் கணவரைப் பிழைக்கவைத்தது டாக்டர்கள். அவரைப் பேசவைக்கும் வேலையை மட்டும் பிசியோதெரபி பெண் என் தலையில் கட்டிவிட்டாள்.

“சார், தினமும் உங்களுக்குப் பிடிச்ச வேகத்துல நடங்க. ஆனா பேசிக்கிட்டே நடக்கணும். ஒரு வாக்கியம் முழுசா வந்தா வேகம் சரி. நடுவுல மூச்சு வாங்கி அறுந்துச்சுன்னா அது இதயத்துக்கு ஜாஸ்தி. அம்மா, நீங்க கூடப் போய்ப் பாத்துக்கங்க. இன்னொரு அடைப்பு வந்தா தாங்காது.”

கஷ்டமாக இருந்ததா, பிடித்திருந்ததா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ளவும் சொன்னாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இவர் லிஃப்ட் மெக்கானிக். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கத்த, மீட்க ஓடுவதுபோலத்தான் எப்போதும் நடப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பார்.

நானோ ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள். வந்ததும் காலை நீட்டக்கூட முடியாமல் இவரோடு பூங்காவுக்குப் போக வேண்டும். அலுத்துப்போயிருந்தேன்.

“ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?”

“ஏதோ ஒண்ணு.”

“பொண்ணு போன் பண்ணாளா?”

“ம்.”

இந்த ‘ம்’மில் மூச்சு எங்கே அறுவது? இவருக்கு இளைக்கிறதா, இல்லை பேச விஷயமே இல்லையா, யார் கண்டது? சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“கஷ்டமா இருக்கா?”

“இதுல என்ன கஷ்டம்.”

“பிடிச்சிருக்கா?”

“நடக்கிறதுல பிடிக்க என்ன இருக்கு.”

ஒரு வாரம் இதே கூத்து. அன்று குளத்தோர வளைவில் இன்னும் வேகத்தைக் கூட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

“நான் வரல. விழுந்தா வாட்ச்மேன் தூக்கிட்டு வரட்டும். என்னால முடியலங்க.”

சொன்னதும் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. பயத்தில் வந்த பேச்சு அது. அவர் கொஞ்ச தூரம் போய் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

“மெதுவா நடந்தா... நெஞ்சு துடிக்கிறது கேக்குது. அடுத்தது துடிக்குமா... துடிக்காதான்னே நெனப்பு ஓடுது. வேகமாப் போனா... மூச்சுச் சத்தத்துல அது கேக்காது.”

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மூன்று இடத்தில் அறுந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. கையைப் பிடித்திழுத்து உட்காரவைத்தேன்.

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீயே களைச்சுப்போய் வர்ற.”

இளைப்பு அடங்கியதும் எழுந்தோம். இந்தத் தடவை என் காலால் முடிந்த வேகத்தில்தான் நடந்தோம். பக்கத்திலேயே வந்தார்.

“இப்ப கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப அது கேக்காத மாதிரி ஏதாவது பேசுங்க.”

குனிந்து என் காலைப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா கால் வலிச்சப்ப எல்லாம் நீ என்னதான் பண்ணே?”

எங்கேயும் அறாமல் முழுசாக வந்தது.

“உங்களுக்கு ஈடுகொடுத்து ஓடிவந்தேன்” என்றேன்.